குளத்தை விட்டு எந்திரிக்காத எருமைக் கட்சி

ஒரே ஒரு கரிசக்காட்டுல ஒரே ஒரு குளம் இருந்துச்சாம். சுத்துவட்டாரத்துல வேற பொட்டுத் தண்ணி கிடையாது. ஆடு, மாடு, எருமை, கழுதை, முயலு, மயிலு அத்தனைக்கும் அந்த ஒரு குளந்தான். சிங்கம் புலியெல்லாம் அந்தக் காட்டுல இல்ல, அதனால ராசாவும் இல்ல. ராசா இல்லாட்டிப் போகுது, குளத்துக்கு ஒரு தலைவர் வேணும்ல? அதுக்கு ஒரு வழக்கம் வச்சிருந்துச்சுக. வருசா வருசம் தைப்பூசத்தன்னைக்கு எல்லாச் சீவனும் கரையில கூடும். தலைவராகணும்னு ஆசைப்படுறவுக முன்னால வந்து நிப்பாக. யாரைப் பிடிக்குதோ அவுக முதுகுக்குப் பின்னால மத்ததுக போயி நிக்கும். எந்த முதுகுக்குப் பின்னால கூட்டம் சாஸ்தியோ, அவுகதான் அந்த வருசத்துக்குக் குளத்துத் தலைவர். குளத்துல தண்ணி குடிக்கிற எல்லாத்துக்கும் ஒரு ஓட்டு.

ரொம்பக் காலமா எருமைக் கட்சிதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா அவுக பூட்டன் காலத்துல அந்தக் குளத்துல ஒரு முதலை கிடந்துச்சாம். அந்தப் பூட்டன் எருமை தனியா இறங்கி, முட்டு முட்டுன்னு முட்டி, முதலையை விரட்டிருச்சாம். பெரிய காரியந்தான், நான் இல்லைங்கல. ஆனா அதையே எத்தனை தலைமுறைக்குச் சொல்லுவாக? குளத்துல பாசி பிடிச்சிருக்கேன்னு கேட்டா, "முதலையை விரட்டினது யாரு?"ம்பாக. கரை இடிஞ்சிருக்கேன்னு கேட்டா, "முதலையை விரட்டினது யாரு?"ம்பாக. கேட்ட முயலுக்கு முதலைன்னா என்னன்னே தெரியாது. ஏலே மாரிக்கண்ணு, உனக்குத் தெரியுமா? பாடப்புத்தகத்துல பாத்திருக்கியா? சரி, அந்த முயலு பள்ளிக்கூடம் போகல.

எருமைத் தலைவருக்கு வளைகொம்பர்னு பேரு. ஐயா கொம்பு ரெண்டும் முதுகைத் தொடும். முதுகு மேல எந்நேரமும் ஒரு வெள்ளைக் கொக்கு உக்காந்திருக்கும். அதுதான் ஐயாவுக்கு ஆலோசகர். ஐயா காலையில குளத்துல இறங்கினாகன்னா, பொழுது சாயத்தான் ஏறுவாக. கட்சி முழுக்க அப்படித்தான். நடுக்குளத்துல கிடந்து புரளுறது, சேத்தைக் கிளப்புறது, அதுக்குள்ளயே சாணி போடுறது. தண்ணி கெட்டிக் கஞ்சியாட்டம் ஆகிருச்சு. எருமைக்குப் புரளணும், இல்லைன்னா சூடு தாங்காது, அது உடம்பு வாகு அப்படி. ஆனா மத்ததுகளுக்குக் குடிக்கணும்ல? கேட்டா யாரு காதுல விழுது? எருமை மாட்டு மேல மழை பேஞ்ச கதைதான்.

அந்தக் கொக்குக்கு மட்டும் கொண்டாட்டம். கலங்கின தண்ணியில மீனுக்குக் கண்ணு தெரியாது பாத்தியா, அலகை நீட்டினா போதும், வாய்க்குள்ள வந்து விழும். இதை நீங்க மனசுல வச்சுக்கோங்க, ஐயா கடைசி வரைக்கும் வச்சுக்கிடல.

அப்புறம் ஒரு தைப்பூசம் வந்துச்சு. ஐயாவை எதுத்து நிக்க ஆள் இல்லாம, ஒரு கழுதை போயி நின்னுச்சு. அதுக்குப் பேசத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு: "நான் குளத்துக்குள்ள இறங்க மாட்டேன். கரையில நின்னு குடிப்பேன்." அம்புட்டுத்தான் பேச்சு. திரும்பிப் பாத்தா, கழுதைக்குப் பின்னால கரை கொள்ளாத கூட்டம். ஐயாவுக்குப் பின்னால எருமைகளும் அந்தக் கொக்கும்.

அப்புறம் என்ன, கழுதை தலைவராச்சு, "இனிமே குடிக்கிற குளத்துல யாரும் இறங்கப்படாது"ன்னு சொல்லுச்சு. எருமைக எந்திரிச்சுச்சா? "கழுதை சொல்லி நாங்க கேக்கவா!"ன்னு இன்னும் ரெண்டு புரளு சேத்துப் புரண்டுச்சுக. கழுதை இழுத்தா எருமை வருமா? அதனால எல்லாச் சீவனும் கூடிப் பேசி ஒரு முடிவு சொல்லிருச்சுக: "சித்திரைப் பௌர்ணமி வரைக்கும் தவணை. அன்னைக்கு மறுபடி ஓட்டு. எருமை இங்க இருக்கலாம்னு பாதிக்கு மேல சொன்னா இருங்க. இல்லைன்னா பொட்டலுக்குப் போயிருங்க."

பொட்டல்னா என்ன தெரியுமா? மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சித்திரை வெயில்ல எருமையைப் பொட்டலுக்கு விரட்டினா செத்துத்தான் போகும்.

இந்தச் சேதியைக் கேட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டவ ஒருத்திதான். கூழைவாலின்னு ஒரு நிறைசெனை எருமை. சின்னதுல வாலு அறுந்துபோயி, குட்டையா நிக்கும். வாலும் கூழை, புத்தியும் கூழைன்னு கூட்டத்துல கேலி பேசுவாக. வயித்துப் பாரத்தோட நடுக்குளம் போக முடியாது, அதனால கரையோரமாவே நிப்பா. கரையில நின்னதால யாரு வாராக, யாரு மோந்து பாக்காக, யாரு குடிக்காமத் திரும்பிப் போறாகன்னு எல்லாம் அவ கண்ணுல படும்.

இப்போ கட்சி சீராய்வுக் கூட்டம் போட்டுச்சு. எங்க போட்டாக? கரையிலயா? நடுக்குளத்துலதான்! கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு, ஏன் இப்படி ஆச்சுன்னு யோசனை பண்ணுதாக.

ஒரு கிழட்டெருமை ஆரம்பிச்சுச்சு, "ஐயா, நாம தோத்ததுக்குக் காரணம்…"

"நிறுத்தும்வே!" ஐயா உறுமினாக. "தோத்தோம்னு யாரு சொன்னது? வெற்றி வாய்ப்பு நழுவிருக்கு. அம்புட்டுத்தான்."

"ஆமாய்யா, நழுவிருக்கு, நழுவிருக்கு"ன்னு எல்லாம் தலையாட்டுச்சுக.

ஐயா பெருமூச்சு விட்டு, "எனக்கு இந்தப் பதவி வேண்டாம்ப்பா, நான் விலகிக்கிடுதேன்"னு சொல்லிட்டு, ஓரக்கண்ணால சுத்திப் பாத்தாக. உடனே எல்லா எருமையும் ஓன்னு அழுதுச்சுக. ஒண்ணு மட்டும் அசை போட்டுக்கிட்டு இருந்ததால கொஞ்சம் பிந்தி அழுதுச்சு, அதை ஐயா நல்லாக் கவனிச்சுக்கிட்டாக. அப்புறம் மனசு இரங்கி, பதவியில இருக்கச் சம்மதிச்சுட்டாக. விலகுறேன்னு சொன்னவுக யாரு விலகினாக இந்த உலகத்துல?

அப்புறம் காரணம் தேடுனாக. ஆடுகளுக்கு நன்றி இல்லைன்னு ஒண்ணு சொல்லுச்சு. முயலுக தூக்கக் கலக்கத்துல இடம் மாறி நின்னுருச்சுகன்னு இன்னொண்ணு சொல்லுச்சு. துரோகி நம்ம கூட்டத்துக்குள்ளதான் இருக்கான்னு மூணாவது சொல்லுச்சு, உடனே எல்லாம் பக்கத்துல இருக்கிறதை முறைச்சுப் பாத்துச்சுக.

கரையோரத்துல இருந்து கூழைவாலி கேட்டா, "ஐயா, நேத்து செவலைச் செம்மறி குட்டியோட வந்துச்சு. தண்ணியை மோந்து பாத்துட்டு, குட்டியை இழுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு. முந்தின குட்டி இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் கழிஞ்சு செத்துச்சாம். நாம எந்திரிச்சா தண்ணி தெளியும்ல?"

கொக்குக்குப் பகீர்னுச்சு. எருமை எந்திரிச்சா அது பிழைப்பு என்னாகும்? சிரிச்சு மழுப்பிருச்சு. "தலைவரே, இது சின்னப் பேச்சு. நமக்கு வேண்டியது புது முகம். உங்க கொம்பைப் பாத்துத்தான் சனம் பயப்படுது. கொம்புல பூச்சுத்துங்க, எல்லாம் சரியாகும்."

சரின்னு ஆவாரம்பூவைப் பறிச்சு, ஒவ்வொரு கொம்புலயும் சுத்திக்கிட்டு, ஊர்வலமாப் போனாக. "நாங்க பழைய எருமை இல்ல! புது எருமை!"ன்னு சொன்னாக. ஆடுக கிட்ட வந்து பாத்துச்சுக. பிடிச்சிருச்சு போலிருக்குன்னு ஐயா தலையைக் குனிஞ்சு குடுத்தாக. ஆடுக கொம்புல இருந்த பூவை ஒண்ணு விடாமத் தின்னுட்டு, வாயைத் தொடைச்சுக்கிட்டுப் போயிருச்சுக. எருமைக்கூட்டம் திரும்பி வந்துச்சு. வந்து என்ன செஞ்சாக? பேசின களைப்பு தீரத் தொபுக்கடீர்னு குளத்துல இறங்கிட்டாக.

கூழைவாலி கேட்டா, "ஐயா, நாம எந்திரிச்சா என்ன?"

கொக்கு சொல்லுச்சு, "தலைவரே, கழுதை ஜெயிச்சது அது குரலாலதான். சனத்துக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருக்கு. நாமளும் அப்படிக் கத்தணும்." அப்புறம் எருமையெல்லாம் கழுத்தை நீட்டிக்கிட்டுக் கழுதையாட்டம் கத்திப் பழகுச்சுக. எருமைத் தொண்டையில கழுதைக் குரல் வருமா? அது ஒரு அவலச் சத்தம். அதைக் கேட்டு, எந்தச் சொந்தக்காரன் செத்தானோன்னு நாலு ஊருக் கழுதைக துட்டி கேக்க வந்துருச்சுக. வந்த கழுதைக்குப் பதில் சொல்ல முடியாம எருமைக முழிச்சுச்சுக. முழிச்சுட்டு என்ன செஞ்சாக? தொபுக்கடீர்னு குளத்துல இறங்கிட்டாக.

கூழைவாலி கேட்டா, "ஐயா, அந்தக் கழுதை கத்தினதுக்கா ஜெயிச்சுச்சு? இறங்க மாட்டேன்னு சொன்னதுக்குல்ல ஜெயிச்சுச்சு! நாம எந்திரிச்சா என்ன?"

கொக்கு சொல்லுச்சு, "தலைவரே, தனியா நின்னா இனி ஆகாது. கூட்டணி வேணும். இந்தக் குளத்துல கலங்கல் தண்ணி யாருக்குப் பிடிக்கும்? அட்டைக்குப் பிடிக்கும், கொசுவுக்குப் பிடிக்கும். கொசு எத்தனை இருக்கு! எண்ண முடியுமா? அதுக நம்ம பக்கம் நின்னா கழுதை என்ன செய்யும்?"

ஐயாவுக்கு உச்சி குளுந்துபோச்சு. அட்டைக்கு ஒரு மாலை, கொசுவுக்கு ஒரு மாலை. "இது கொள்கைக் கூட்டணி!"ன்னு பேசினாக. என்ன கொள்கை? கடிக்கிறது. பேசிட்டுத் தொபுக்கடீர்னு இறங்கினாக.

இந்தத் தடவை கூழைவாலி கேக்கல, சிரிச்சுட்டா. "ஐயா, குளத்துல தண்ணி குடிக்கிறவுகளுக்குத்தானே ஓட்டு? கொசுவும் அட்டையும் ரத்தம்ல குடிக்குதுக! அதுகளுக்கு ஏது ஓட்டு? அந்த ரத்தமும் நம்ம ரத்தம்."

ஐயா முகம் கோணிப்போச்சு. "கட்சிக்கு விரோதமாப் பேசுறதால கூழைவாலியை அடிப்படை உறுப்பினர் பதவியில இருந்தே நீக்குதோம். எந்த எருமையும் அவகூட அன்னம் தண்ணி புழங்கப்படாது."

செனை வயித்தோட ஒருத்தியை வெளிய தள்ளினாகளே, விளங்குவாகளா? அவளுக்கு அழுகை அழுகையா வந்துச்சு. இத்தனைக்கும் அவ கேட்டது கட்சி பிழைக்கணும்னு, தன் கன்னு பொட்டல்ல பிறக்கப்படாதுன்னு. அழுதுக்கிட்டே கரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா. மடைக்குக் கீழ ஒரு பள்ளம் கிடந்துச்சு. மடையில கசியிற தண்ணியில ஈரமா இருந்துச்சு. குளம்பால தோண்டினா, கொம்பால கிளறினா, கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி ஊறி, ஒரு எருமை புரளுற அளவுக்குச் சேறாச்சு. குடிக்கிற தண்ணியில ஒரு தூசி கூட விழல, அவ உடம்பும் குளுந்துச்சு. பங்குனியில அந்தப் பள்ளத்தோரமே கன்னு போட்டா. கருகருன்னு கிடாரிக்கன்னு.

கன்னு பாக்கச் செவலைச் செம்மறி வந்துச்சு. "ஏத்தா, உனக்குத் தெரிஞ்ச இந்தப் பள்ளம் உங்க ஐயாவுக்குத் தெரியலையாக்கும்?"ன்னு கேட்டுச்சு.

"சொன்னாக் கேக்க மாட்டாக தாயி"ன்னா இவ.

"கேக்க மாட்டாகன்னா பொட்டலுக்குப் போகட்டும். உங்க கொம்புல பூ இருந்தா எனக்கென்ன, புடலங்காய் இருந்தா எனக்கென்ன? எம்பிள்ளைக்குத் தண்ணி வேணும்."

கூழைவாலிக்கு அது சுருக்குன்னு தைச்சிருச்சு. அப்புறம் தினம் கரையில ஏறி நின்னு கூப்பிட்டா. "வாங்க, பள்ளத்தைப் பெருசாத் தோண்டலாம், எல்லாருக்கும் இடம் இருக்கு!" முதல்ல யாரும் திரும்பிப் பாக்கல. ஆனா கூட்டணிக்காரங்க கடி இருக்கே, அது தாங்க முடியல. ராத்திரி கொசுக் கட்சி கடிக்குது, பகல்ல அட்டைக் கட்சி கடிக்குது. முதல்ல ஒரு எளங்கிடாரி எந்திரிச்சு வந்துச்சு. அப்புறம் அது அக்கா வந்துச்சு. அப்புறம் பம்மிப் பம்மி அந்தக் கிழட்டெருமையே வந்துருச்சு. எல்லாம் சேந்து பள்ளத்தை அகலமாத் தோண்டுச்சுக. நடுக்குளத்துல ஐயாவும் கொக்குந்தான் மிச்சம். "போனவன்லாம் துரோகி, இப்பத்தான் கட்சி சுத்தமாயிருக்கு தலைவரே"ன்னு கொக்கு சொல்லுச்சு, ஐயா ஆமான்னாக.

சித்திரைப் பௌர்ணமி வந்துச்சு. வெயில்ல குளம் சுருங்கி, நடுவுல ஐயா புரண்ட இடம் மட்டும் சேறும் சகதியுமாக் கிடக்கு. கரையோரம் ஒரு பக்கம் தண்ணி தெளிஞ்சு நிக்கி. எல்லாச் சீவனும் கூடுச்சுக. கழுதை சொல்லுச்சு, "எருமை இருக்கலாம்னு சொல்லுறவுக மருதமரத்தடியில நில்லுங்க. போகணும்னு சொல்லுறவுக பாறைப்பக்கம் நில்லுங்க. அதுக்கு முந்தி, எருமைப்பக்கம் பேச யாரு வாரா?"

நடுக்குளத்துல இருந்து ஐயா குரல் குடுத்தாக, "முதலையை விரட்டினது யாரு?"

உடனே கூட்டம் பாறைப்பக்கம் நகர ஆரம்பிச்சிருச்சு. பேச ஆள் இல்ல. கட்சியை விட்டு நீக்கின கூழைவாலி எந்த உரிமையில பேசுவா? ஆனா கன்னு காலடியில நிக்கி. முன்னால வந்துட்டா.

"நாங்க தோத்துட்டோம்"னா.

எல்லாம் நின்னுருச்சு. எருமை வாயில இருந்து அந்த வார்த்தையை அதுக கேட்டதே இல்ல.

"எங்க பூட்டன் முதலையை விரட்டினாரு, அது நெசம். அந்தத் தண்ணியை நாங்க கலக்கினோம், அதுவும் நெசம். உங்க பிள்ளைக சீக்கு வந்து கிடந்தப்போ நாங்க புரண்டுக்கிட்டு இருந்தோம். அதனால எங்களைத் தோக்கடிச்சீக. சரியாத்தான் செஞ்சீக."

செம்மறி விடல. "பேசத்தான் மூணு தடவை வந்தாகளே உங்க ஆளுக. பேசிட்டு இறங்கிருவாக."

"பேச்சை விடு தாயி. மடைக்குக் கீழ போயி எங்க கூட்டம் எங்க கிடக்குன்னு பாரு. இந்தா, இங்க குனிஞ்சு தண்ணியைப் பாரு."

செம்மறி குனிஞ்சு பாத்துச்சு. அடியில கிடந்த கூழாங்கல்லு தெரிஞ்சுச்சு. மோந்து பாத்துச்சு. ஒரு வாய் குடிச்சுப் பாத்துச்சு. அப்புறம் குட்டியை முன்னால தள்ளிவிட்டுச்சு. குட்டி வாலை ஆட்டிக்கிட்டே வயிறு முட்டக் குடிச்சுச்சு. செம்மறி நடந்துபோயி மருதமரத்தடியில நின்னுச்சு. அதைப் பாத்து ஆடுக போச்சுக, முயலுக போச்சுக, மாடுக போச்சுக. மயிலுக மட்டும் கடைசி வரைக்கும் பாறையை விட்டு வரல. அதுக கோவம் அதுகளுக்கு. ஆனா எருமைக்கூட்டம் பிழைச்சிருச்சு. அப்பாடான்னு இருக்குல்ல? இருங்க, ஐயா இன்னும் உள்ளதான் கிடக்காக.

கூழைவாலி சேத்தோரம் போயி, "ஐயா, எந்திரிச்சு வாங்க"ன்னா. ஐயா அசையல. அத்தனை நாள் ஒரே இடத்துல கிடந்ததுல, தண்ணி வத்தி, காலு நாலும் சகதியில இறுகிப் போச்சு.

"சிக்கிட்டீகளாய்யா?"

"சிக்கவா? நானா? எந்திரிக்கிற வாய்ப்புதான் கொஞ்சம் நழுவிருக்கு."

கரையே கொல்லுன்னு சிரிச்சுச்சு. முதுகுத்தோலு வெயில்ல வெடிக்குது, வறட்டு நாக்கு வெளிய தொங்குது, அப்பவும் வீராப்பு விடல. ஆலோசனை கேக்கலாம்னு முதுகைத் திரும்பிப் பாத்தா, கொக்கைக் காணோம். அது கழுதை முதுகுல போயி உக்காந்து ரொம்ப நேரமாச்சு. அதைப் பாத்ததும் ஐயாவுக்கு உள்ள என்னமோ ஒடைஞ்சிருச்சு.

"ஆத்தா கூழைவாலி, நான் தோத்துட்டேன். தூக்கி விடுங்க"ன்னாக.

அவ எதுவும் குத்திக்காட்டல. எருமைகளைக் கூட்டி, முட்டி மோதி, தள்ளிக் கரையேத்தினா. அன்னையில இருந்து ஐயாவுக்குப் பள்ளத்துல கடைசி இடம். கன்னுகளை வெயில் படாமப் பாத்துக்கிடுற வேலை. யாரைக் கட்சியை விட்டு நீக்கினாகளோ, அவ கன்னுக்குப் பின்னாலதான் ஐயா மேயப் போறது வாரது.

அந்தக் கொக்கு என்ன செஞ்சுச்சுன்னு கேளுங்க. கழுதை காதுல ஓதுது, "தலைவரே, இம்புட்டுப் பெரிய ஆளு கரையில நின்னா குடிக்கிறது? நடுவுல இறங்கி நில்லுங்க, எவ்வளவு கம்பீரமா இருக்கும்!" கழுதைக்குக் கூட ஒரு நிமிசம் சபலம் தட்டிருச்சு. முன்னங்காலைத் தண்ணிக்கு மேல தூக்கிருச்சு. எல்லாச் சீவனும் அந்தக் காலையே பாக்குது. செம்மறி லேசாக் கனைச்சுச்சு. கழுதை முன்னங்காலைக் கீழ வச்சுட்டு, பின்னங்காலைத் தூக்கி விட்டுச்சு பாரு ஒரு உதை! கொக்கு ஒரு இறகு இங்க, ஒரு இறகு அங்கன்னு பறந்துபோயி எருமைப் பள்ளத்துல விழுந்துச்சு.

அப்புறம் மழை பேஞ்சு குளம் நிறைஞ்சுச்சு. தண்ணி கண்ணாடியாட்டம் நிக்கி. கொக்கு வந்து நின்னா மீனுக்குத் தெரியுது, ஓடிருது. நாலு நாள் பட்டினி. கடைசியில கூழைவாலிகிட்டயே வந்து, "ஆத்தா, நல்ல ஆலோசனை ஒண்ணு இருக்கு…"ன்னு ஆரம்பிச்சுச்சு.

"ஆலோசனையை நீயே வச்சுக்கோ. முதுகுல உண்ணி கடிக்குது, எனக்கு வாலு எட்டாது. பொறுக்கித் தின்னு"ன்னா அவ. அன்னையில இருந்துதான் கொக்கு எருமை முதுகுல உக்காந்து உண்ணி பொறுக்குது. வாயைத் திறந்து பேசுதா பாருங்க, பேசாது.

அடுத்த தைப்பூசத்துக்கு யாரு ஜெயிச்சான்னு கேக்கியா மாரிக்கண்ணு? கழுதை ஜெயிச்சுச்சுன்னும் சொல்லுவாக, கூழைவாலி ஜெயிச்சான்னும் சொல்லுவாக. அந்தச் செம்மறிகிட்டக் கேட்டா, "யாரோ ஒருத்தர், தண்ணி தெளிவா இருந்துச்சு"ன்னுதான் சொல்லும்.

தோத்தவன் மூஞ்சியை மாத்துறதுக்கு முந்தி, கலக்கின தண்ணியை விட்டு எந்திரிக்கணும். அம்புட்டுத்தான் கதை. எருமை பள்ளத்துல படுத்துருச்சு, ஆட்டுக்குட்டி தாயி மடியில படுத்துருச்சு, நீங்களும் பாயில படுங்க.